வெல்லஸ்லி மூலையில் இருந்த பியானோக்காரர்: ரொறன்ரோவில் இசைப்பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பியானோ என்று பள்ளி வைத்திருக்கும் எங்கள் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது; முகம் தெரிந்திருக்கும். அரங்கேற்ற மண்டபத்தில் கடைசிக்கு முதல் வரிசையில், மூன்று பேருடைய குளிர்க்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவன் நான். மகளை வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்த காலம் முடிந்து, இப்போது பேரனைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறேன். இடையில் நாலு கார் மாறிவிட்டது. எனக்குப் பாடத் தெரியாது, தாளம் ஓரளவு பிடிபடும். உங்களுக்கு மடல் எழுத இந்தத் தகுதி போதுமோ தெரியாது, எழுதுகிறேன்.

வெல்லஸ்லி வீதியும் ஷேர்போன் வீதியும் சந்திக்கிற மூலையை உங்களில் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். எண்பதுகளின் கடைசியில் வந்து இறங்கிய எங்களில் கனபேருக்கு இந்த நாட்டில் முதல் விலாசம், அந்த மூலைக்கு வடகிழக்கே நிற்கும் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகள்தான். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். லிப்ற் வேலை செய்யாத நாட்களில் அரிசி மூட்டையைப் பதினாறாம் மாடிக்குத் தோளில் ஏற்றினோம். இரவு வேலை முடிந்து, கையில் சமையலறை எண்ணெய் மணக்க, அந்த மூலையால் எத்தனை ஆயிரம் தரம் நடந்திருப்பேன். எங்களுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே அதே மூலையில் இன்னொரு வந்தேறு குடும்பம் ஒரு இசைப்பள்ளி நடத்தியது என்பது போன வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. பேரனின் பியானோப் பாடம் முடியும் வரைக்கும் வாசலில் காத்திருந்து வாசித்ததில் கிடைத்த விஷயம் அது.

அந்தப் பள்ளியின் பெயர் ஹாம்பர்க் கொன்சர்வேற்றரி. தொடங்கியவர் மிக்கேல் ஹாம்பர்க். 1855இல் ரஷ்யாவின் யரோஸ்லாவ்ல் நகரில் பிறந்த யூதர். மொஸ்கோ கொன்சர்வேற்றரியை நிறுவிய நிக்கலாய் ரூபின்ஸ்டைனிடம் பியானோ பயின்றவர். பிள்ளைகளில் மூத்தவன் மார்க்குக்குப் பியானோ, அடுத்தவன் ஜானுக்கு வயலின், அதற்கடுத்த பொறிஸுக்கு செல்லோ. இணுவிலிலும் அளவெட்டியிலும் மூத்தவனுக்கு நாதஸ்வரம், இளையவனுக்குத் தவில் என்று தகப்பன்மார் பிரித்துக் கொடுப்பார்களே, அதே கணக்கு. வெளியாள் ஒருவரும் இல்லாமலே வீட்டுக்குள் ஒரு கச்சேரி நடத்தலாம்.

1890இல் மார்க் லண்டனில் மேடையேறினான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. குடும்பம் லண்டனில் தங்கிவிட்டது. அடுத்த வருடம் மொஸ்கோவிலிருந்து ஆயிரக்கணக்கான யூதர்களை அரசு வெளியேற்றியது. திரும்பிப் போக நினைத்திருந்தாலும் எங்கே போவது? போலந்துப் பியானோ மேதை படெரெவ்ஸ்கி சிறுவனின் வாசிப்பைக் கேட்டு, வியன்னாவில் லெஷெட்டிஸ்கி என்ற பேர்பெற்ற பியானோ ஆசிரியரிடம் படிப்பதற்கு உதவினார். மார்க் பிறகு உலகம் சுற்றிய பெரிய பியானோக் கலைஞரானார். தகப்பன் இருபது வருடம் லண்டனில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1910இல் மற்றப் பிள்ளைகளோடு ரொறன்ரோவுக்குக் கப்பலேறினார். ஐம்பத்தைந்து வயதில் மூன்றாவது நாடு. எங்கள் ஆட்கள் அந்த வயதில் பென்ஷன் எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணுவார்கள்.

அப்போது ரொறன்ரோவில் நாலு லட்சம் பேர்கூட இல்லை. இருந்தும் பள்ளிக்குப் பஞ்சமில்லை. ரொறன்ரோ கொன்சர்வேற்றரி 1886இலேயே பதிவாகிவிட்டது. இன்று எங்கள் பிள்ளைகள் ‘ஆர்சிஎம் கிரேட் எட்டு’ என்று விழுந்து விழுந்து சோதனை எடுக்கிறார்களே, அந்த றோயல் கொன்சர்வேற்றரிதான் அது. ‘றோயல்’ பட்டம் 1947இல் வந்து ஒட்டியது. அதைவிட வேறு கல்லூரிகளும் இருந்தன. இவ்வளவுக்கும் நடுவில், ஆங்கிலேயரின் தேவாலயச் சங்கீதம் கோலோச்சிய ஊரில், 1911இல் ரஷ்ய யூதர் ஒருவர் தன் குடும்பப் பெயரையே பலகையில் எழுதிப் பள்ளி திறந்தார். ஐந்து வருடம்தான் நடத்தினார். 1916 ஜூனில், அறுபத்தொரு வயது நிறைய ஒரு மாதம் கிடக்க, இந்த ஊரிலேயே இறந்துபோனார்.

அவருக்குப் பிறகு பள்ளி என்ன ஆனது என்பதுதான் என்னை இந்த மடலுக்கு இழுத்தது. அதற்கு முதல் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

என் மகள் ஏழு வயதிலிருந்து ஒரு ஆசிரியையிடம் வாய்ப்பாட்டு படித்தாள். நல்ல ஆசிரியை. இன்றைக்கும் மகளின் சுருதி சுத்தத்துக்கு அவர்தான் காரணம் என்று யாரிடமும் சொல்வேன். பன்னிரண்டு வயதில் நாங்கள் வீடு மாறினோம். சனிக்கிழமை அந்தத் தூரம் ஓட முடியவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு ஆசிரியையிடம் சேர்த்தோம். முறைப்படி தட்டம் வைத்து, விளக்கம் சொல்லி, காலில் விழுந்துதான் விடைபெற்றாள். ‘சந்தோஷமாய்ப் போய்ப் படி பிள்ளை’ என்றுதான் அவரும் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பள்ளியின் ஆண்டு விழா. மகளின் பெயர் நிகழ்ச்சி நிரலில் முதலே அச்சாகியிருந்தது, பதினோராவது உருப்படி. மண்டபத்துக்குப் போய்த் தாளைக் கையில் வாங்கினால் பதினோராவது வரி கறுப்பு மார்க்கரால் அடிக்கப்பட்டிருக்கிறது. என் தாளில் மட்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவரின் தாளிலும் அப்படியே. இருநூறு தாளையும் யாரோ மேசையில் அடுக்கிவைத்து, ஒவ்வொன்றாய் எடுத்து அடித்திருக்கிறார்கள். மை ஊறிப் பின்பக்கத்துக்கும் வந்துவிட்டது. அங்கே இருந்த நகைக்கடை விளம்பரத்தின் தொலைபேசி இலக்கத்துக்கு மேலாலும் ஒரு கோடு. மகள் அந்தத் தாளை நாலாய் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். வரும் வழியில் ஒன்றும் கதைக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, ‘அப்பா, நான் என்ன பிழை விட்டனான்?’ என்று மட்டும் கேட்டாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய கதை இது. அந்த ஆசிரியையில் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் அந்த மார்க்கர் இன்னும் காயவில்லை. போன வருடம்கூட ஒரு வீட்டில், பள்ளி மாறிய பையனின் அரங்கேற்றத்துக்குப் பழைய பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையும் போகவிடவில்லை என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கு என்னைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இப்போது ஹாம்பர்க் பள்ளிக்கு வருவோம். தகப்பன் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1918இல், அந்தப் பள்ளி தூர தேசத்து ஆள் ஒருவரைப் பியானோ ஆசிரியராக அழைத்தது. அல்பேர்ட்டோ கெரேரோ. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் லா செரேனா ஊரில் 1886இல் பிறந்தவர். ரஷ்யர் இல்லை, யூதர் இல்லை, ரூபின்ஸ்டைன் வழியும் இல்லை. பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். ஹாம்பர்க் பாணியில் சொல்லிக்கொடுப்பார் என்று எதிர்பார்க்க ஒரு நியாயமும் இல்லை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், தஞ்சாவூர்ப் பாணி என்று பெயர்ப்பலகை போட்டுவிட்டு மைசூர்க்காரரைக் கொண்டுவந்து இருத்துவது போல. கொண்டுவந்தார்கள்.

நாலு வருடத்தில் அவர் போய்விட்டார். எங்கே? நேர் போட்டிப் பள்ளியான ரொறன்ரோ கொன்சர்வேற்றரிக்கு. 1922இலிருந்து 1959இல் இறக்கும் வரைக்கும் அங்கேதான் கற்பித்தார். அங்கே 1943இல் பத்து வயதுப் பையன் ஒருவனை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெயர் கிளென் கூல்ட். ஒன்பது வருடம் கெரேரோவிடம் படித்தான். 1955இல், பாக் எழுதிய கோல்ட்பேர்க் வேரியேஷன்ஸ் இசைத்தட்டைப் பதிவுசெய்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு உலகம் ரொறன்ரோ என்ற பெயரைப் பியானோவோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கியது.

கெரேரோவின் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு கை விரல்களைக் கட்டைகளின் மேல் தளர்வாய் வைத்திருக்கவேண்டும். மற்றக் கையால் அந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாய்த் தட்டவேண்டும். தட்டின வேகத்தில் கட்டை அமுங்கி ஒலிக்கும்; விரல் தானாகவே மேலே வந்துவிடும். விரலுக்கு ஒரு உழைப்பும் இல்லை. தோளையோ கையையோ இறுக்காமல் நுனி மட்டும் வேலை செய்கிற பழக்கம் அப்படித்தான் வரும். மணிக்கணக்காய்ச் செய்யவேண்டிய சலிப்பான வேலை. பேரனுக்கு நான் இதைச் சாப்பாட்டு மேசையில் செய்து காட்டினேன், ஐந்து நிமிடத்தில் எழும்பி ஓடிவிட்டான். கூல்ட் செய்தார். அவருடைய இசைத்தட்டுகளில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாய், கழுவி வைத்த கோப்பை மாதிரித் துலக்கமாய் நிற்பதற்கு அந்தத் தட்டுதலும் ஒரு காரணம். கதிரையைப் பதித்துவைத்துத் தாழ இருந்து வாசிப்பதையும் அந்த வகுப்பிலிருந்துதான் எடுத்தார்.

இவ்வளவும் வாங்கிய கூல்ட், பெயர் வந்த பிறகு கெரேரோவைப் பற்றி அதிகம் பேசவில்லை. தானே கற்றுக்கொண்டவன் என்ற மாதிரித்தான் சொல்லிவந்தார். எங்கள் ஊரில் இதற்குக் குருத்துரோகம் என்று பெயர் வைத்து, மூன்று தலைமுறைக்கு முறிந்திருப்போம். கெரேரோ தன் வேலையைப் பார்த்தார். அவரிடம் படித்த மறே ஷேபரும் ஜோன் பெக்வித்தும் கனடாவின் பெரிய இசையமைப்பாளர்கள் ஆனார்கள்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஆளை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது ஹாம்பர்க் பள்ளி. அறுவடை போட்டிப் பள்ளிக்கு. புகழ் பாடவேண்டிய மாணவனோ வாயைத் திறக்கவில்லை. குடும்பப் பெயரோடு நின்ற பள்ளி 1951இல் மூடப்பட்டது. மூன்று வருடத்தில் பொறிஸும் போய்ச் சேர்ந்தார். நட்டம் என்றுதான் எங்கள் கணக்காளர் சொல்வார். ஆனால் கெரேரோ இங்கே வந்திருக்காவிட்டால் ரொறன்ரோவின் பியானோக் கதையே வேறு. அவர் வந்த கதவு, மிக்கேல் ஹாம்பர்க் திறந்த கதவு.

அவருடைய நேரடி மாணவர் ஒருவரையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பக்கவாத்தியக்காரர்களை நாங்கள் நடத்தும் முறை எனக்கு நெடுநாள் உறுத்தல். ஜெரல்ட் மூர் என்ற இங்கிலாந்துப் பையன், பெற்றோரோடு ரொறன்ரோவுக்குக் குடிவந்து, கிழவர் ஹாம்பர்க்கிடம் பியானோ படித்தான். பிறகு பொறிஸின் செல்லோவுக்குத் துணையாக மேற்குக் கனடாவெல்லாம் ஊர் ஊராய்ப் போய் வாசித்தான். 1919இல் இங்கிலாந்து திரும்பி மார்க்கிடம் தொடர்ந்தான். தகப்பனிடம் தொடங்கி மகனிடம் முடித்த படிப்பு. ஒருவர் பெயரை மற்றவர் அடிக்கவில்லை. அவன் தனிக் கச்சேரிக்காரனாகவில்லை. பாடகர்களுக்குத் துணைப் பியானோ வாசிப்பதையே வாழ்க்கையாக எடுத்து, அந்த வேலைக்கு இருந்த மரியாதையையே மாற்றிவிட்டான். பிஷர்-டீஸ்கௌ, ஷ்வார்ட்ஸ்கோப் போன்ற பெரிய பாடகர்கள் அவரோடு பாடினார்கள். அதுவரை துணை வாசிப்பவர் பெயரைச் சுவரொட்டியில் தேடித்தான் பிடிக்கவேண்டும். எங்கள் அழைப்பிதழ்களில் மிருதங்கக்காரர் பெயரின் எழுத்து அளவைப் பார்த்துவிட்டு மேலே வாசியுங்கள்.

இன்னுமொன்று, சிரிப்பதற்காக. கடைசி மகன் கிளெமென்ற், லண்டனில் 1900இல் பிறந்தவர், அவரும் பியானோக்காரர்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? மனைவியோடு சேர்ந்து இதே ஊரில் ஒரு ஜாஸ் கூடம் திறந்து, அதற்கு ‘ஹவுஸ் ஒஃப் ஹாம்பர்க்’ என்று பெயர் வைத்தார். ரூபின்ஸ்டைன் வழி வந்த குடும்பப் பெயர், நள்ளிரவு ஜாஸுக்கு! இடம் மாறி மாறி 1963 வரைக்கும் ஓடியது. உங்கள் மகன் உங்கள் பள்ளிப் பெயரில் கானாப் பாட்டு மேடை போட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை.

என் வேண்டுகோள் சின்னது. ஒரு பிள்ளை உங்களை விட்டு வேறு ஆசிரியரிடம் போனால், என்ன பாடம் வரை முடிந்தது, எந்த ராகத்தில் தடுமாறுகிறது, எந்த வேகத்தில் சரியாய் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து விடுங்கள். பல் வைத்தியர் மாறினால்கூடப் பழைய எக்ஸ்ரே கூடவே போகிறது. அரங்கேற்ற அழைப்பிதழில் கடைசியாய்ப் பாடம் சொன்னவர் பெயர் பெரிதாய் இருக்கட்டும், நியாயம்தான். அதற்குக் கீழே முதற்பாடமான சரளி வரிசை சொல்லிக்கொடுத்தவருடைய பெயரும் ஒரு வரியில் வரட்டும், அவர் இப்போது உங்களோடு கதைக்காவிட்டாலும். ஊரில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு யாரிடம் படித்த பிள்ளையும் ஒரே மண்டபத்தில்தானே போய் இருந்தது? அங்கே சரியாய் இருந்தது இங்கே ஏன் பிழைத்தது? குளிராலோ?

பெற்றோரிலும் பிழை உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் மாறுவது, மாதக் காசைப் பாக்கி வைத்துவிட்டு மறைவது, ‘அந்த ரீச்சரை விட இவ திறம்’ என்று கலியாண வீட்டில் கதைப்பது. இதெல்லாம் நாங்கள் செய்கிற வேலை. பேஸ்மென்ற்றில் பாயை விரித்து, வேலையால் வந்த களைப்போடு சனி ஞாயிறு பூராவும் சரளி வரிசை கேட்டு, கையில் மிஞ்சுவது ஹீற்றிங் பில்லுக்கும் காணாத காசு என்பது எனக்குத் தெரியும். வளர்த்துவிட்ட பிள்ளை போகும்போது நெஞ்சு வலிக்கும். ஹாம்பர்க் பிள்ளைகளுக்கும் கெரேரோ போன அன்று வலித்திருக்கும், அவர்களும் மனிதர்தானே.

என் மகள் இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் ஏழு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் அதில் ஒன்று விலகியது. வீடு மாறுகிறார்களாம், எங்களுடைய அதே காரணம். நான் மேல்மாடியில் இருந்து தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தேன். மகள் அந்தப் பிள்ளையை முதலில் ஒரு கீர்த்தனை முழுதாய்ப் பாடவைத்தாள். பிறகு கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ‘கல்யாணி வர்ணம் இரண்டாம் காலம் சரி, மூன்றாம் காலத்தில் ஓடுகிறாள், கொஞ்சம் பிடித்துவையுங்கள்’ என்று எழுதி உறையில் போட்டாள். புது ஆசிரியை யாரென்று அவளுக்குத் தெரியாது. ‘அன்புள்ள ரீச்சருக்கு’ என்று மட்டும் மேலே எழுதி, பிள்ளையின் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

இப்படிக்கு,
முன்னாள் சென் ஜேம்ஸ் ரவுண் வாசி,
இந்நாள் கோட்டுக் காவல்காரன்